கம்பெனித் தோட்டாவும் வீட்டுத் தோட்டாவும்

பெரியப்பாவிடம் ரிவால்வர் இருக்கிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்ட் அவருடையது. சனிக்கிழமை தோறும் கூலிப் பணத்தை எடுத்துப்போக வேண்டியிருந்ததால், அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது சட்டையை லேசாக ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவார். கடைக்காரர் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போடுவார்.

துப்பாக்கி இருந்தால் போதுமா, தோட்டா வேண்டுமே. கடையில் வாங்குகிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் சர்க்கார் கணக்கு உண்டு. சுட்டால், வெற்றுக் கூட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியையும் தோட்டாவையும் எண்ணி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதனால் பெரியப்பா வீட்டிலேயே தோட்டா செய்ய ஆரம்பித்தார். பெரியம்மாவின் அண்ணன் எங்கிருந்தோ பழைய பித்தளைக் கூடுகளும் வெடிமருந்தும் கொண்டுவந்து கொடுப்பார். அது சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு எங்கே தெரியும்? தீபாவளிக்கு வெடி செய்வதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.

அவருடைய ஒரே லட்சியம், வீட்டுத் தோட்டா கம்பெனித் தோட்டா போலவே வெடிக்க வேண்டும் என்பது. அதற்கு அவர் வைத்திருந்த கருவி என் காது. பம்பு செட்டுக்குப் பின்னால், ஏரிக்கரை ஓரமாகப் பழைய கதவுப் பலகை ஒன்றைச் சாய்த்துவைப்பார். என்னைத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். இரண்டு வெடி கேட்கும்.

"எதும்மா கம்பெனி?"

"மொதல்ல வெடிச்சது."

கம்பெனித் தோட்டா கன்னத்தில் அறைந்ததுபோல் ஒரே சத்தம். வீட்டுத் தோட்டா கொஞ்சம் இழுத்து முடியும். நான் சரியாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் விழுந்துபோகும். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

"நீ என்னிக்கி கண்டுபுடிக்காம முழிக்கிறியோ, அன்னிக்கி ஒனக்கு ஐஸ்கிரீம்" என்பார். தோற்றால் பரிசு தரும் போட்டி உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அந்த வருஷம் பொங்கலிலிருந்து அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்து வயதில் அண்ணன் தம்பி, பத்து வயதில் பங்காளி என்பார்கள். எங்கள் வீட்டில் அது நாற்பது வயது வரை தாங்கியதே பெரிது. இருவருக்கும் பொதுவான நெல் வயலை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்டிருந்தது. பெரியப்பா விற்கத் துடித்தார். அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். முதலில் அளந்துவிடலாம் என்று பெரியப்பா சர்வேயருக்கு எழுதிப்போட்டிருந்தார். ஆனால் பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை. நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன்.

ஒருநாள் இரண்டு வெடியும் கேட்டு முடிந்து நான் வெகுநேரம் யோசித்தேன். உண்மையாகவே தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது பெரிப்பா."

பெரியப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. கடம்பத்தூருக்கு பைக்கில் கூட்டிப்போய் கப் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு கேட்டேன், வாங்கிக் கொடுத்தார். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"அண்ணனா வாங்கிக் குடுத்தாரு?" என்று கேட்டு, சண்டையை மறந்ததுபோல, உருகிப்போயிருந்ததைக் குடித்தேவிட்டார்.

மறுவாரம் பெரியப்பா அதே அளவில் புதிதாக ஒரு வரிசை செய்தார். கூடுகளை ஒரு கட்டையில் நிறுத்தி மருந்து போட்டு முடித்தபோது போன் வந்தது. உள்ளே சிக்னல் இருக்காது. வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார். பெரியம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து ஜன்னலோரம் நின்றார். மரத்தடிப் பேச்சு அங்கே கேட்கும். பிறகு விறுவிறுவென்று வந்து கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார்.

"இன்னா பெரிம்மா பண்றீங்க?"

"தூசி தட்றேன். நீ சும்மா இரு."

பாதி வரிசை முடிவதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. கையை மூடிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார். எப்போதும் ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரியப்பா குண்டு வைத்து மூடுவார். அன்று போனில் பேசிய நினைப்பிலேயே, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மளமளவென்று மூடிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல நான் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் கம்பெனித் தோட்டா அறைந்தது. அடுத்து 'டுப்' என்று ஒரு சின்னச் சத்தம். நான் சிரித்துவிட்டேன்.

"தூத்தேறி" என்றார் பெரியப்பா. தோட்டா வெடிக்கவில்லை என்றுதான் நினைத்திருக்கிறார். மருந்தில்லாத அந்தத் தோட்டாவின் குண்டு, அடியிலிருக்கும் சின்னக் கேப் வெடித்த வேகத்தில் மட்டும் கிளம்பி, வெளியே வராமல் குழாய்க்குள்ளேயே சிக்கி நின்றது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். அடுத்த தோட்டாவில் மருந்து இருந்தது.

அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். தன் வலது கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். துப்பாக்கி துண்டாகிக் கிடந்தது. இரண்டு விரல்கள் கையில் இல்லை.  

பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பொங்கலிலிருந்து அண்ணன் முகத்தையே பார்க்காத மனுஷன், தோளிலிருந்த துண்டை அந்தக் கையில் சுற்றி, "அண்ணா, என்னப் பாருண்ணா, கண்ண மூடாதண்ணா" என்று அழுதுகொண்டே ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெரியம்மா அழவில்லை. வாசலில் நின்று தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் அப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

லைசென்ஸ் போனது, கேஸ் நடந்தது, நிலம் விற்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குச் சோறு ஊட்டியதே அப்பாதான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூச்சம் என்று நினைத்தேன்.

போன வருஷம் பெரியப்பா இறந்தார். காரியத்தன்று சமையலறையில் நானும் பெரியம்மாவும் தனியாக இருந்தோம். வெளியே பந்தியில் அப்பா இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அன்னிக்கி பாத்த இல்ல, நான் மருந்தக் கொட்டனத?" என்றார் பெரியம்மா.

தலையாட்டினேன்.

"போன்ல எங்க அண்ணங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? 'கம்பெனி தோட்டாவ போலீசு எண்ணிப் பாத்தா கணக்கு சரியா இருக்கும். இது எந்தக் கணக்குலயும் வராது. சர்வேயர் வர்ற அன்னிக்கி தம்பி வரப்புல தான நிப்பான்'னாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சிடி. மருந்து இல்லன்னா வெடிக்காது, ஒங்க நைனா பொழச்சிக்குவாருன்னு கொட்டனேன். ஒங்க பெரிப்பா கையி போவும்னு நான் கண்டனா? பாதிய கொட்றதுக்குள்ள வந்துட்டாரு."

 வெளியே அப்பா, "எங்க அண்ணனுக்குப் பாயசம்னா உசுரு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஐஸ்கிரீமைக் குடித்தபோது அப்பா என்னிடம் கேட்டார், "எதுக்கும்மா வாங்கிக் குடுத்தாரு?" என்று. ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு நான் சொன்னதுக்கு என்றேன். எது ரெண்டும் என்று அவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கப்பை வழித்தார். பெரியப்பாவுக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று எனக்கும் அன்று தெரியாது.