தூணை விட்டு நகர்ந்தவர்

பக்கவாதம் வந்த பிறகு பெலெனாத்தோவுக்கு எல்லாமே குமட்டியது. கடைவாயில் வழியும் எச்சில், மனைவி மாலியா ஊட்டும் மசித்த சேப்பங்கிழங்கு, இடப்பக்கமாகச் சரிந்து சரிந்து விழும் தன் உடம்பு. சவாயீத் தீவின் அவர் ஊர்ச்சபையில், குடும்பத்தின் பட்டம் ஏற்ற பட்டக்காரர்கள் மட்டும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்காருவார்கள். கடற்பக்கத்து மூன்றாவது தூண் இருபத்தேழு வருடமாக அவருடையது.

பிசியோதெரபிக்கு வந்த பெண் முதல் நாளே சொன்னாள். "முதுகை எதுலயும் சாய்க்காதீங்க மாமா. தூணே தாங்கிட்டா உங்க இடுப்புக்கு என்ன வேலை? நடுக்கூடத்துல பாயைப் போட்டு உக்காருங்க. பயப்படாம இடது பக்கம் கனத்தை இறக்குங்க."

மாலியாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நடுவுலயா? பரிமாற வர்ற பசங்க உக்கார்ற எடம் அது. வீட்டுக்கோ சுவர் கிடையாது. போறவன் வர்றவன் பார்த்தா, பட்டத்தை விட்டுட்டார்னு சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் பேச்சாயிடும்."

அவருக்கும் அதே பயம். இரண்டு மாதம் வீட்டுத் தூணை விட்டு அசையவில்லை. இடுப்பு கூழாகிவிட்டது.

நிமிர்ந்து உட்கார முடியாவிட்டால் சபையில் அவர் இடம் தம்பி செதெஃபானோவுக்கு என்று குடும்பம் முடிவு செய்திருந்தது. சபை கூடிய அன்று அந்தத் தம்பியே நீளத் துணியோடு வந்தான்.

"தூணோட சேத்துக் கட்டிடறேன் அண்ணே. மேல பெரிய மாலையாப் போட்டா ஒரு பயலுக்கும் தெரியாது."

கட்ட விட்டார்.

பட்டக்காரர்களுக்கு மட்டும் தரும் அவா வேர்ப் பானம் நிரம்பிய கிண்ணம் அவர் பெயர் சொல்லி வந்தது. கையை நீட்டியதும் உடம்பு துணிக்குள் நழுவியது. அடுப்புக்குத் தூக்கிப்போகும் பன்றிபோலத் தொங்கினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகக் கடலைப் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும்விட நாறியது.

"அவுருடா."

"அண்ணே, சபையில..."

"அவுருன்னேன். நாத்தம் தாங்கலை."

"என்ன நாத்தம்ணே?"

"நான்தான். நீயும்தான்."

கட்டு அவிழ்ந்தது. வலது கையை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து நடுக்கூடத்துக்கு வந்தார். செத்த காலைக் கையால் மடக்கினார். இடது தொடையின்மேல் கனத்தை இறக்கினார். முதுகு நடுங்கியது. சாயவில்லை.

அதற்குள் தம்பி தூணில் சாய்ந்திருந்தான்.

"தொடச்சுட்டு உக்காருடா. என் வேர்வை இன்னும் காயலை," என்றார் பெலெனாத்தோ.

கிண்ணம் ஏந்தியவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு தம்பியிடம் போனான்.