தலைகீழாக நின்ற சைக்கிள்

ஸ்டுட்கார்ட்டில் மகள் கூட்டிப்போன கண்காட்சியில், குப்பையிலிருந்து எடுத்த சைக்கிளொன்று தலைகீழாக நின்றது. பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடி, பழைய ரேடியோ பாடும். எறிந்த பொருளுக்கும் உயிர் இருக்கிறது என்றாள் அதைச் செய்த ஜெர்மன் பெண். நான் சுற்றினேன்.

டயரில் டைனமோ உரசும் சத்தமும் ரப்பர் மணமும் என்னை யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொண்டுபோயின. போரில் கரண்ட் இல்லாத வருடங்கள். எங்கள் சைக்கிளும் இப்படித்தான் நிற்கும். அப்பா ரேடியோவில் காதை வைத்திருப்பார். சுற்றுவது என் வேலை.

ஒருநாள் செய்தியில், சித்தப்பா இருந்த ஊரில் குண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். என் கை நின்றுவிட்டது; ரேடியோவும் நின்றது.

"சுத்து பிள்ளை," என்றார் அப்பா.

"வேண்டாம், விடு," என்றார் அம்மா.

யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றேன். மறுபடி சுற்றியபோது செய்தி முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் நிறுத்தியது சரியா, பிழையா?

"அம்மா, சுத்தினது காணும், விடுங்கோ. பின்னால ஆக்கள் நிக்கினம்," என்றாள் மகள்.

ரேடியோவில் ஏதோ ஜெர்மன் பாட்டு. செய்தி வரட்டும் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன்.