கேஜன் பாட்டுக் கேட்கப் போனவர்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் தெருவில், உள்ளேயே சமைத்துப் படுக்கக்கூடிய ஒரு கேம்பர் வான் நிற்கும். அதன் சொந்தக்காரர் பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த யாழ்ப்பாணத்தவர். உயரமான மனிதர், நரைத்த தாடி, கோடையிலும் கழற்றாத கம்பளித் தொப்பி. வானுக்குள் அக்கோடியன் என்ற துருத்தி வாத்தியப் பாட்டைப் போட்டுவிட்டு, அகப்பையால் சட்டி விளிம்பில் தாளம் தட்டியபடியே சமைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். வெண்டிக்காயும் நண்டும் போட்ட தடித்த குழம்பும் சோறும். அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் சமையலாம். பாட்டும் அவர்களுடையதுதான். வருடாவருடம் அங்கே போய், வாடகைக்கு ஒரு கேம்பர் வான் எடுத்து, ஊர் ஊராகப் பாட்டுக் கேட்டுத் திரிவாராம்.

"பாட்டுக்காகவோ அண்ணை அவ்வளவு தூரம் போறியள்?" என்று கேட்டேன்.

"முதல் பாட்டுக்குத்தான் போனனான், தம்பி. பாரிசிலை பிரெஞ்சு எனக்குப் பயத்தின்ரை பாசை. பொலிசுக்கும் முதலாளிக்கும் பதில் சொல்லத்தான் படிச்சனான். அங்கை அக்கோடியன் வாசிக்கிற ஒரு வயசாளி, சின்னனிலை பிரெஞ்சு கதைச்சதுக்கு, இங்கிலீசு மட்டும்தான் கதைக்கலாம் எண்ட பள்ளிக்கூடத்திலை அடி வாங்கினவராம். ரெண்டு பேரும் ஒரு பகல் முழுக்க இருந்து கதைச்சம். அண்டைக்குத்தான் அந்தப் பாசையிலை நான் முதல்முதல் சிரிச்சனான். இப்ப அந்த மனிசனிட்டைத்தான் போறன்."

சொல்லிவிட்டு என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

அடுத்த வாரமே லூசியானாவுக்குப் பறந்துவிட்டார். நானும் இந்த நகரத்தில் எத்தனையோ வருடமாக ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறேன். அந்த மொழியில் யாரோடு மனம்விட்டுச் சிரித்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.