நண்பனின் முகத்தில் என் முதல் சவரம்

எனக்குச் சவரம் செய்யத் தெரியாது என்பது ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத்தான் பிரச்சினையாயிற்று. எழுபதுகளின் தொடக்கம். அன்றைய டைரிப் பக்கம் என்னிடம் இருக்கிறது. நேரங்களை அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தீவில் ஹேடோ குவார்ட்டர்ஸில் என்னோடு அறையில் இருந்தவன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தான். இரும்பு வடம் உருவி ஓடியதில் இரண்டு உள்ளங்கைகளும் உரிந்து, பன்னிரண்டு நாளாகக் கட்டு. பன்னிரண்டு நாள் தாடி. மறுநாள் வரும் கப்பலில் அவன் மனைவியும் மகளும் வருவதாக இருந்தது. மகளை அவன் பார்த்ததே இல்லை. அவள் பிறக்கும் முன்பே கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்துவிட்டான். லீவு இரண்டு முறை தள்ளிப்போயிற்று. இரண்டரை வயதுக் குழந்தைக்கு அப்பா என்றால் ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பிய படம்தான். படத்துக்குச் சோறு ஊட்டுகிறாள் என்று கடிதம் வந்திருந்தது. அதில் மழமழவென்ற முகம்.

"இந்த மூஞ்சியோட போய் நின்னா பிள்ள அலறிரும் மாப்ள" என்று நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். எங்கள் சலூன்காரர் பெரார்கஞ்சுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சனி மாலை வந்துவிடுவார் என்பதால் நான் கவலைப்படவில்லை. ஆனால் தாமதமாகவே வந்து பழகிய கப்பல் ஒருநாள் முன்னதாக வந்துவிட்டது. மரைன் ஹில்லிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து அறைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அரே, உங்க ஜஹாஜ் வந்தாச்சு! பத்து மணிக்கு ஜெட்டில கட்டிருவான்."

நண்பன் என்னைப் பார்த்தான். "பெட்டில ரேசர் இருக்கு. எடு."

"நான் பேனாவத் தவிர எதையும் பிடிச்சதில்லப்பா."

"அப்ப பேனா மாதிரியே பிடி. எழுத மட்டும் செஞ்சிராத."

ரேசர் மூன்று துண்டாகக் கழன்றது. தாளைவிடச் சற்றே தடித்த பிளேடை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, அவன் சொன்னபடி கைப்பிடியைத் திருகினேன். பிளேடு லேசாக வளைந்து, இரு பக்கமும் மயிரிழை அளவு விளிம்பை மட்டும் வெளியே காட்டியது. டிரம்மில் பிடித்திருந்த மழைத்தண்ணீரைச் சுட வைத்துப் பிரஷ்ஷால் நுரை எழுப்பினேன். முகத்தில் ரேசர் இருக்கும்போது அவன் பேச முடியாதே! காலால் ஒரு தட்டு என்றால் நான் அதிகமாக அழுத்துகிறேன், இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று பேசிக்கொண்டோம்.

முதல் இழுப்பில் நுரை மட்டும் வந்தது. அடுத்ததில் அழுத்தினேன். ஒரு தட்டு. ரேசரை எடுத்தேன்.

"ஆராம்சே யார், மெதுவா! ரேசரோட கனமே போதும். நீ ஏன் மேல சாயுற?"

கையைத் தளர்த்தி, இடது கையால் கன்னத்தை இழுத்துப்பிடித்து, காதோரத்திலிருந்து கீழே விட்டேன். சரசரவென்று ஒரு சின்ன ஓசை. வெண்ணுரைக்கு நடுவே விரலகலப் பாதை திறந்தது. அதில் பன்னிரண்டு நாளாக வெயில் காணாத தோல், நெற்றியைவிட ஒரு நிறம் இளசாக. நான் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள தோலின் மேல் இவ்வளவு கூரான ஒன்று போகிறது; எடுக்கவேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. எத்தனையோ முறை சலூன் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறேன், இது ஒன்றையும் பார்க்காமல்.

தொண்டைக்கு வந்தபோது அவன் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். என் விரலுக்கடியில் அவன் நாடி துடித்தது. படிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த இடத்தில் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கால் தட்டவே இல்லை.

மோவாய் மட்டும் மீதி இருந்தபோது கப்பலின் ஊதல் ஒலித்தது. என் கை பக்கவாட்டில் நழுவியது. இரண்டு தட்டு விழுந்தது, ரத்தம் வந்த பிறகு.

படிகாரம் இல்லை. என் கட்டிலுக்கடியில் செய்தித்தாள்கள் தேதிவாரியாக இருந்தன. அவற்றில் ஒரு மூலையை மடிக்கக்கூட யாரையும் விட்டதில்லை. மேலே இருந்த தாளின் ஓரத்தை நகத்தளவு கிழித்து அவன் மோவாயில் ஒட்டினேன்.

கப்பல் கட்டிய ஜெட்டியில் அவன் கட்டுப்போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். தாயின் இடுப்பில் இறங்கிவந்த குழந்தை அவனைப் பார்த்ததும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கொஞ்சநேரம் கழித்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. பிறகு ஒரு விரல்.

"அம்மா, அப்பா மேல பேப்பர்."

மணி பத்து இருபது. அவன் குனிந்தான். அவள் இரண்டு விரலால் அதைப் பிய்த்தெடுத்தாள். ரத்தம் மறுபடி ஒரு துளி வந்தது. துடைக்கப்போன மனைவியின் கையிலிருந்து முகத்தை விலக்கி, அவன் குழந்தையின் பக்கமே வைத்துக்கொண்டான்.