சமுதாயக் கூடத்தின் பின் அறை

எங்கள் அப்பா குடிப்பார் என்பது நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கே தெரியும். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் நடையை வைத்தே அன்றைய அளவைச் சொல்லிவிடக் கூடியவர்கள் எங்கள் வரிசையில் இருந்தார்கள். ஆனால் அவர் குடியை நிறுத்தப் பார்க்கிறார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். குடிக்கிறவரைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள். நிறுத்திவிட்டு மறுபடி குடித்தால் சிரிப்பார்கள்.

அப்போது நான் ஐந்தாவது.  சுரங்கத்தில் ஷிப்டுக்குக் குடித்துவிட்டுப் போனதற்காக அப்பா இரண்டு மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் வேலை போகும். வேலையோடு நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் போகும். இரண்டையும் எழுதிப் போட்டவர் அவருடைய போர்மேன். எங்கள் வீட்டில் அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சமுதாயக் கூடம், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் அங்கே கூடுவார்களாம். யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்களாம். ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டுமாம். ஒரு வருஷம் தொடாமல் இருந்தவருக்கு எல்லாரும் கை தட்டுவார்களாம். போர்டு கிடையாது. வழியில் யாரையும் விசாரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அப்பா வேறு பக்கம் திரும்பிவிடாமல் இருக்க என்னையும் கூட அனுப்பினாள். நானும் போலீஸ்காரன் மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.  அன்று காலையிலிருந்து அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

கூடத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒருவர் கழுத்தில் மாலை. ஒருவர் எழுந்து அவருடைய ஒழுக்கத்தைப் புகழ்ந்தார், எல்லாரும் கை தட்டினார்கள். நர்ஸம்மா சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்தியதால் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. மாலை போட்டவர் எத்தனை வருஷமாகக் குடிக்காமல் இருக்கிறாரோ என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

மைக் வைத்திருந்தவர் எங்களைப் பார்த்து, பின்னால் இருப்பவரும் இரண்டு வார்த்தை பேசலாமே என்றார். அப்பா எழுந்தார். வீட்டில் கத்துவதைத் தவிர நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர்.

"நான் குடிகாரங்க. பத்து வருஷமா குடிக்கிறேன். எம் பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல நிறுத்திடுவேனோன்னு பயமா இருக்குது. எப்படி நிறுத்தறதுன்னு தெரியலிங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவர், "ரிடையர்மெண்ட் பார்ட்டிக்கு இன்னாப்பா இப்பவே ஏத்திகினு வந்துட்ட?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். மாலை போட்டவர்கூடச் சிரித்தார். பத்து வருஷத்தில் அப்பா குடிக்காமல் வெளியே கிளம்பிய முதல் நாள் அது. அவர் என் கையை உதறிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அந்தக் கால்கள் எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியிலிருந்து போர்மேன் எழுந்தார். சுரங்கத்தில் அவர் அதிகம் பேச மாட்டார் என்று அப்பா சொல்லுவார். அன்று மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

"அந்தக் கூட்டம் பின்னால ரூம்ல நடக்குது. நானும் அங்கதான் போகணும். வாங்க, சேந்தே போவோம்."

சிரிப்பு நின்றது. அவர் நடுவழியே நடந்து வந்து அப்பாவின் தோளில் கை போட்டார். அப்பா மூன்றாவது மெமோவே வந்துவிட்டது போல விறைத்து நின்றார். போர்மேன் கையை எடுக்கவில்லை.

கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இருபது அடி. அந்த அறையில் ஏழெட்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். போர்மேன் எழுந்து தானும் ஒரு குடிகாரன் என்றார். அவர் தள்ளாடி நான் பார்த்ததே இல்லை. அப்பாவைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஒரு ஞாயிறும் விடவில்லை. செகண்ட் ஷிப்ட் வந்தால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வார். நடுவில் ஒரு தீபாவளிக்குச் சறுக்கினார். அடுத்த ஞாயிறு அதையும் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு தொடவில்லை. மூன்றாவது மெமோ வரவேயில்லை. அந்தக் குவார்ட்டர்ஸிலிருந்துதான் என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது.

போர்மேன் அதற்கு முன்பே பதினோரு வருஷமாக அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தவர் என்று அப்பா ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். சைக்கிளை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, பின்பக்கக் கேட் வழியாகத்தான் வருவாராம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தினமும் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாதாம்.

அன்று வீடு திரும்பும்போது நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். பின்னால் என்று கையைக் காட்டியிருந்தால் நாங்களே போயிருப்போம். இருபது அடிக்கு வழி சொல்ல இந்த மனிதர் எதற்கு இவ்வளவு சத்தம் போடுகிறார்?