இரண்டுங்கெட்டான் வேகம்

ஏரிக்கரை ஊரில் கண்ணாடிக்கடை வைத்திருந்தவருக்கு ஐம்பது வயது தாண்டும்வரை படகு வாங்கும் எண்ணம் வந்ததே இல்லை. தண்ணீரைக் கடை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. காலையில் கடையைத் திறப்பார். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்குவார். உள்ளறையில் விளக்கை அணைத்து, எதிர்ச்சுவரில் எழுத்துகளை ஒளிரவிட்டு, வந்தவர் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். வந்தவர் திணறினால், "அவசரமே இல்ல, மறுபடியும் போடறேன், பாருங்க" என்பார்.

ஊருக்கெல்லாம் இதா அதா என்று கேட்கத் தெரிந்த அந்த மனிதருக்கு, தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. செருப்புக்கடைக்குப் போனால் கடைக்காரர் கொட்டாவி விடும்வரை உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்குப் பெண்ணை முடிவு செய்ததுகூட அவருடைய அண்ணன்தான். மருந்துக்கடையில் வேலை பார்த்த அந்தப் பெண், "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" என்று நேராகவே கேட்டபோது, "அண்ணனுக்குப் பிடிச்சிருக்கு" என்று பதில் சொன்னவர் அவர். வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த அண்ணன் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கு நடுவிலுள்ள தீவில், மேட்டுமேல் ஒரு கல்வீட்டில், அண்ணியோடு இருந்தார். நிதானமான ஆள். நடந்தால் எறும்புக்கு வழிவிட்டு நடப்பது போல இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கைகழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் பாதியில் இருப்பார். ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒன்றிரண்டு சத்தம்தான் வந்தது.

வாரத்தில் மூன்று நாள் கரையிலுள்ள பக்கவாதப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்றார் டாக்டர். தீவுக்கு வந்துபோகும் பயணிப் படகில் ஏற இரும்பு ஏணிதான் உண்டு. முதல்முறை இரண்டு ஊழியர்கள் அவரைத் தூக்கி ஏற்றினார்கள்.

"வேணாம் தம்பி," என்றாள் அண்ணி. "மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கறாங்க. இவரு கண்ணை இறுக்க மூடிக்கறாரு. எனக்குப் பார்க்க முடியல."

"நான் ஒரு படகு வாங்கறேன் அண்ணி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அண்ணனை ஏற்றிக்கொண்டால் படகு மெதுவாக, ஆடாமல் போக வேண்டும். ஆனால் விடிந்ததும் தனியாகத் தீவுக்குப் போய், அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்து, பயிற்சி முடிந்ததும் திரும்பக் கொண்டுவிட்டு, அப்புறம் ஓடிவந்து கடையைத் திறக்க வேண்டும். அதற்கு வேகமும் வேண்டும். மதியத்துக்கு மேல் ஏரியில் காற்று எழும்பிவிடும், அதற்குள் கரை சேரவும் வேண்டும்.

படகு விற்பவர் ஒரு நெட்டையான மனிதர். இவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி சார்? மெதுவா போறதுக்குன்னு ஒரு வயிறு இருக்கு, வேகமா போறதுக்குன்னு ஒரு வயிறு இருக்கு. படகுக்கு ஒரு வயிறுதானே?"

"அப்ப ரெண்டும் கிடையாதா?"

"இருக்கு. ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைஞ்சா பரவாயில்லைன்னு நீங்கதான் சொல்லணும்."

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

முதலில் தட்டையான அடி கொண்ட படகில் கூட்டிப்போனார். மெதுவாகப் போனபோது மேசைமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றுகூடப் பார்த்தார். ஆடவில்லை. "இதான், இதான்" என்றார். விற்பவர் வேகத்தைக் கூட்டினார். சின்னச் சின்ன அலைதான், ஆனால் ஒவ்வொன்றும் படகின் அடியில் பளார் பளாரென்று அறைந்தது. பல்லோடு பல் மோதியது. முதுகெலும்பு சாவிக்கொத்து போலக் குலுங்கிற்று. இறங்கியதும், "இது இல்ல" என்றார்.

அடுத்தது கத்தி போலக் கூரான அடி. வேகமாகப் போனபோது அலையை வெண்ணெய் வெட்டுவது போல வெட்டிக்கொண்டு போனது. மறுபடியும் "இதான்" என்றார். வேகத்தைக் குறைத்ததும் அது குடித்தவன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய ஆரம்பித்தது. மூக்கு ஒரு திசை பார்த்தது, படகு ஒரு திசை போனது.

இவை போதாதென்று மூன்றாவதாக ஒரு தொல்லை இருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டார். மெதுவுக்கும் வேகத்துக்கும் நடுவில் ஒரு வேகம். அங்கே வந்ததும் எந்தப் படகும் பின்பக்கம் அமுங்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. முன்னால் என்ன வருகிறதென்றே தெரியவில்லை. எஞ்சின் மட்டும் உறுமியது.

"இது இரண்டுங்கெட்டான் வேகம் சார்," என்றார் விற்பவர். "இங்க நிக்கக் கூடாது. ஒண்ணு கீழ இறங்கிடணும், இல்ல மேல ஏறிடணும்."

இதைத் தன்னைப் பற்றித்தான் சொல்கிறாரோ என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

ஊரில் யோசனை சொல்லாத ஆளில்லை. நீளமான படகு வாங்கு என்றார் ஒருவர். நீளமானால் துறையில் திருப்ப முடியாது என்றார் இன்னொருவர். எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் போனார். "அடிப்பாகத்தை விடுங்க, கனத்தை எங்க வைக்கறீங்க அதான் விஷயம்" என்று அவர் வேறொரு கதவைத் திறந்துவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது, அடுத்தவர் கண்ணுக்கு வழி சொல்கிற மனிதருக்கு. கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். வாங்கிப்போனவர் மறுநாள் வந்து, வாசற்படி எழுந்து நிற்கிறது என்று புகார் சொன்னார்.

"என்னங்க," என்றாள் மனைவி, ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் அவர் கரண்டியால் படகு வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து. "மருந்துக்கடையில என்கிட்ட டாக்டர் சீட்டைக் கொண்டு வர்றாங்க, அதுல எழுதினதை எடுத்துக் குடுக்கறேன். இது சாப்பிடலாமா அது சாப்பிடலாமான்னு நானா யோசிச்சா எத்தனை பேர் பொழைப்பாங்க?"

"எனக்கு யாரும்மா சீட்டு எழுதிக் குடுக்கறது?"

"உங்க அண்ணனையே ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போய்ப் பாருங்களேன். அவருக்காகத்தானே வாங்கறீங்க?"

விற்பவரின் கொட்டகைக்குப் பின்னால் யாரோ திருப்பிக் கொடுத்த பழைய படகு ஒன்று கிடந்தது. அடி முன்பக்கம் கூராக ஆரம்பித்துப் பின்பக்கம் போகப் போகத் தட்டையாகியிருந்தது. அதைத் தண்ணீரில் இறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவுக்கு ஓட்டிப்போனார்கள். படகுத்துறையில் மரப்பலகை போட்டு, சக்கர நாற்காலியை உருட்டி, அண்ணனை முன்இருக்கையில் மெத்தை வைத்து உட்காரவைத்தார்கள். அண்ணியும் ஏறிக்கொண்டாள். அண்ணன் இந்த முறை கண்ணை மூடவில்லை.

மெதுவாகக் கிளம்பினார்கள். லேசாக ஆடியது, ஆனால் தாங்கக்கூடிய ஆட்டம். கொஞ்ச தூரம் போனதும் அண்ணனின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ப்போ."

"வீட்டுக்குப் போகணுமாம்," என்றாள் அண்ணி. "திருப்புங்க தம்பி, பயப்படறாரு."

"இல்லம்மா, வேகமாப் போன்னு சொல்றாரு," என்றார் விற்பவர்.

"அவராவது, வேகமாவது! உங்களுக்கு அவரைத் தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் படகை நடு ஏரியில் நிறுத்திவிட்டார். வீட்டுக்குத் திருப்புவதா, வேகத்தைக் கூட்டுவதா? அண்ணி ஒன்று சொல்ல, விற்பவர் ஒன்று சொல்ல, அண்ணன் இருவருக்கும் நடுவில் எதையும் சொல்ல முடியாமல் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் தம்பிக்குச் சுருக்கென்றது. மருத்துவமனையில் டாக்டர் அண்ணியிடம் கேட்டார். பயிற்சி நிலையத்தில் தம்பியிடம் கேட்டார்கள். வலிக்கிறதா, குளிருகிறதா, போதுமா என்று எல்லாமே பக்கத்தில் நிற்கிறவர்களிடம்தான். பேச்சு போனவரிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

அவர் எழுந்துபோய் அண்ணன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, நான் ஒண்ணொண்ணா காட்டறேன். உங்களுக்கு எது நல்லாருக்கோ அதுக்கு இடது கையைத் தூக்குங்க. அவசரமே இல்ல, மறுபடியும் காட்டறேன்."

மெதுவாக ஓட்டினார். இடது கை உயர்ந்தது. "பார்த்தீங்களா!" என்றாள் அண்ணி. பிறகு வேகத்தைக் கூட்டினார். படகு மூக்கைத் தூக்கி, மறுபடி தாழ்த்தி, தண்ணீர்மேல் ஏறி ஓடியது. அண்ணியின் முந்தானை பறந்தது. அண்ணனின் கை முன்னைவிட உயரமாக எழுந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டுக்கும் தூக்கினா எப்படிண்ணா?"

சந்தேகத்துக்கு இரண்டுங்கெட்டான் வேகத்தையும் காட்டினார். மூக்கு வானத்தைப் பார்த்தது, எஞ்சின் உறுமியது. அதற்கும் கை உயர்ந்தது.

"அவருக்குக் கையைத் தூக்கறதுதான் பிடிச்சிருக்கு போல," என்றாள் அண்ணி. கணவர் விழுந்த நாளுக்குப் பிறகு அவள் வேடிக்கையாகப் பேசியது அன்றுதான்.

தெளிவு எதுவும் பிறக்கவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் பழைய படகையே வாங்கிக்கொண்டார். ஏன் என்று மனைவி கேட்டபோது, "எனக்குத் தெரியலம்மா. அவர் அதுல உட்கார்ந்திருந்தார்" என்றார். மெக்கானிக் பேட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் முன்பக்கத்துக்கு மாற்றினார். பின்பக்கம் தண்ணீரைத் தொடும்படி இரண்டு தகடுகளை மாட்டினார். மூக்கு தூக்குவது பாதியாகக் குறைந்தது. இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தார்கள்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு வேறொரு குழப்பம் தொடங்கியது. கரைக்குப் போகும்போது அண்ணன் இடது கையால் படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டே வருவார், குதிரையை விரட்டுவது போல. வேகம் குறைந்தால் தட்டு பலமாகும். பயிற்சி முடிந்து தீவுக்குத் திரும்பும்போதோ, தட்டுகிற அதே கை தம்பியின் முழங்கையைப் பிடித்து அழுத்தும். மெதுவா, இன்னும் மெதுவா என்று. தீவு நெருங்க நெருங்க அழுத்தம் கூடும்.

மனைவியிடம் சொன்னார். அவள் யோசிக்காமல் சொன்னாள்: "வீட்டுல படுத்தே கெடக்கறாரு இல்ல, போறதுக்கு ஆசையா இருக்கும், திரும்பறதுக்கு இருக்காது."

அதைப் போய் அண்ணியிடமே உளறிவிட்டார். அண்ணியின் முகம் வாடிவிட்டது. "என் வீட்டுக்கு வரப் பிடிக்கலையா அவருக்கு? ராத்திரியெல்லாம் முழிச்சிக் கிடக்கறாரு, நானும் கூட முழிச்சிக் கிடக்கறேன். இதுக்குமேல நான் என்ன பண்ணட்டும்?" அடுத்த இரண்டு முறை அவள் துறைக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் நாற்காலியைத் தள்ளிவந்தார். தம்பி அவளைச் சமாதானப்படுத்தப் போய், சொன்னதை வாபஸ் வாங்கவும் தெரியாமல், விளக்கவும் தெரியாமல், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு மனைவிதான் போய்ப் பேசி, "ஒரு நாள் நீங்களே போகவர கூடப் போய்ப் பாருங்களேன்" என்று ஏற்றிவிட்டாள்.

போகும்போது வழக்கம்போலத் தட்டல், வேகம். அண்ணி இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். பயிற்சி முடிந்து திரும்பும்போது அண்ணன் தம்பியின் முழங்கையை அழுத்தினார். தம்பி எஞ்சினைத் தணித்தார். அது தாழ்ந்த குரலில் முனகியது. படகு லேசாக ஆடிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் கை முழங்கையிலிருந்து நழுவி விழுந்தது. பதறித் திரும்பிப் பார்த்தார் தம்பி. அண்ணன் அண்ணியின் தோளில் தலைசாய்ந்து கிடந்தார்.

அண்ணி விரலை உதட்டில் வைத்தாள்.

"தூங்கறாரு," என்றாள் கிசுகிசுப்பாக. "எத்தனை நாளாச்சு தெரியுமா தம்பி?"

தீவு வந்துவிட்டது. துறையில் கட்டினால் எழுந்துவிடுவார். தம்பி படகைத் திருப்பித் தீவைச் சுற்றிக்கொண்டு போனார். பின்பக்கத்து நாணல்களை ஒட்டி, பாறைகளைத் தாண்டி, மறுபடியும் துறை வந்தபோது மறுபடியும் சுற்றினார். கடையைத் திறக்கும் நேரம் தாண்டிப்போனது. அண்ணியின் தோள் மரத்திருக்க வேண்டும், அவள் அசையவில்லை. அவளும் கண்ணை மூடியிருந்தாள். அலுத்துப்போய்விட்டாளா, அழுகிறாளா என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பயிற்சி நாட்களில் கடை தாமதமாகத்தான் திறந்தது. அண்ணன் வேகமாகப் போக விரும்பியது பயிற்சியின் மேல் இருந்த ஆசையாலா, அல்லது சீக்கிரம் முடித்துக்கொண்டு அந்தத் தூக்கத்துக்குத் திரும்பும் ஆசையாலா என்று தம்பி பலமுறை யோசித்திருக்கிறார். கேட்டால் அண்ணன் இரண்டுக்கும் கையைத் தூக்குகிறார். வருடம் திரும்புவதற்குள் கோல் ஊன்றி நாலைந்து அடி நடந்தார். பேச்சும் சொல் சொல்லாகத் திரும்பியது.

போன வாரம் துறையில் ஒரு வெளியூர்க்காரர் படகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லி, மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் உடம்பு அலுங்காத படகு எது என்று விசாரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் உற்சாகமாகத் தட்டை அடியில் ஆரம்பித்தார். கூர் அடிக்கு வந்தார். கனம், நீளம், தகடு, ஸ்பிரிங் என்று போய், "ஆனா உங்களுக்கு எது சரியா வரும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று முடித்தார். வெளியூர்க்காரர் இடது காதைச் சொறிந்துகொண்டு, முன்இருக்கையில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க ஐயா. இதுல உட்கார்ந்து வர்றது நீங்கதானே?"

அண்ணன் நெடுநேரம் யோசித்தார். உதடு கோணி, சொல் ஒன்று வருவதும் போவதுமாக இருந்தது. தம்பி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"மெத்தை," என்றார் அண்ணன். "நல்ல... மெத்தை."