கொழுப்பில் இறங்கிய ஊசி

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. முட்டிதான் கொஞ்சம் வலிக்குது" என்றாள் லியோனா.

வண்டியில் யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த காரிக், ரேடியோவில் முந்தைய நாள் ஹாக்கி முடிவுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தான். பின்சீட்டில் புரொபசர் மேடக்ஸ் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லியோனா வீட்டில் சுட்டுக்கொண்டுவந்த ப்ளாய் என்கிற தோசையைச் சுருட்டி, மேப்பிள் பாகில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"முட்டியா? போன வாரமும் முட்டின்னுதானே சொன்னே?" என்றார் மேடக்ஸ்.

"வயசாகுதில்ல, பாஸ்."

"கிழவி ஆயிட்டீங்க லியோனா. ஒத்துக்கிட்டாத்தான் என்ன?" என்று காரிக் சிரித்தான்.

"ரோட்டைப் பாருடா, மூஸ். நீ பொந்துக்குள்ள நுழையிற சைஸ்ல இருந்தா நான் ஏன் இந்த வயசுல மண்ணுல ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கேன்?"

கால் எது கை எது என்று தெரியாத உயரம் காரிக்குக்கு. அதனால்தான் காட்டில் திரிகிற அந்தப் பெரிய மானின் பெயர் அவனுக்கு. அவன் படிப்பு முழுக்கக் கரடிக்குட்டிகளைப் பற்றி. ஆனால் ஒரு பொந்துக்குள்ளும் அவன் தோள் நுழையாது. மேடக்ஸுக்கும் அப்படித்தான். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் கரடிக்கு மயக்க ஊசி போட்டு, ரேடியோ கழுத்துப்பட்டையை மாற்றி, குட்டிகளை எடுத்துப் பார்க்க உள்ளே நுழைகிறவள் லியோனா ஒருத்திதான்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு தோண்டுவதற்காகப் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுகிற ஊரில் பிறந்தவள் லியோனா. ஒரு வருஷம் கிழங்கு தோண்டப் போனவள், பள்ளிக்கூடம் திறந்த பிறகு திரும்பிப் போகவில்லை. கிழங்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூல் பஸ் ஓட்டினாள். ஒரு பனிப்புயல் நாளில் பள்ளத்தில் சரிந்து கிடந்த ஒரு ஜீப்பை, பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே சங்கிலி கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டாள். ஜீப்பிலிருந்து இறங்கிய மேடக்ஸ் நன்றி சொல்லவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் தோள் அகலம் எவ்வளவு?" என்று கேட்டார். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கெக்கலி கொட்டினார்கள்.

அடுத்த குளிர்காலம் லியோனா யூனிவர்சிட்டி சம்பளத்தில் கரடிப் பொந்துக்குள் தலையை விட்டாள். அந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, இனி வேறு எந்த வேலையும் தனக்கு ருசிக்காது என்று. வீட்டில் ரேஜான், பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன், "பஸ்ஸை விட்டுட்டுப் பொந்துக்குப் போறா என் பொண்டாட்டி" என்று ஊரெல்லாம் பெருமை அடித்தான்.

ஆனால் போன குளிர்காலத்தில் ஒரு காரியம் நடந்துபோனது.

இந்த ஆட்கள் சீமாட்டி என்று கூப்பிடுகிற கிழட்டுப் பெண்கரடி. மருந்து ஏறித் தூங்கிவிட்டது என்று நினைத்து, லியோனா அதன் கழுத்துப்பட்டையில் கை வைத்தாள். சீமாட்டி கண்ணைத் திறந்தாள். ஒரே ஒரு வீச்சு. லியோனாவின் தலைவிளக்கு நொறுங்கியது. கோட்டின் தோள்பட்டை கிழிந்து பஞ்சு பறந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. வெளியே இழுத்துப் போட்டதும் எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அன்று சிரித்ததுதான். அதற்குப் பிறகு அலமாரிக்குள் குனிந்து செருப்பை எடுத்தால்கூட மூச்சு முட்டியது. குளிக்கிற அறைக் கதவைச் சாத்த முடியவில்லை. இருட்டில் யாரோ மூக்குக்கு நேராக மூச்சு விடுவது போலவே இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் பொந்தில் இறங்கியவர் அர்மான். கரடி அவர் தோளை உடைத்தது. தோள் கூடிவிட்டது, ஆனால் மனசு கூடவில்லை. லேபில் அவரை அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத பல் அறைக்கு மாற்றினார்கள். செத்த கரடிகளின் பல்லை மெல்லிசாகச் சீவி, மரத்துக்கு வளையம் பார்ப்பதுபோல் வயசு பார்க்கிற வேலை. அர்மான் ரிடையர் ஆகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட மேலே வரமாட்டார். லியோனா தன் பயத்துக்கு முட்டிவலி என்று பேர் வைத்தாள்.

இன்று மறுபடி சீமாட்டி.

பனிக்காலணி கட்டி நடந்தார்கள். பொந்து நெருங்கியதும் பேச்சு நின்றது. காற்றில் சாய்ந்து விழுந்த ஸ்ப்ரூஸ் மரம். அதன் வேருக்கு அடியில் கறுப்பாக ஒரு வாய். அந்த வாயைச் சுற்றிப் பனி மஞ்சளாக உருகியிருந்தது, உள்ளே இருக்கிறவளின் மூச்சுக்காற்றில்.

லியோனா தலைவிளக்கை மாட்டி, நுனியில் மருந்து ஊசி செருகிய குத்துக்கம்பைக் கையில் எடுத்தாள். குப்புறப் படுத்தாள். காரிக் அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அதுதான் வழக்கம். அவள் இரண்டு தரம் உதைத்தால் அவன் இழுக்கவேண்டும். ஒருமுறை இழுத்த வேகத்தில் பூட்ஸ் மட்டும் கையோடு வந்து, பொந்துக்குள்ளிருந்து அவள் திட்டிய திட்டு லேபில் இன்னும் பிரபலம்.

உள்ளே ஈரமண்ணும் பாலும் கலந்த வாடை. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு மலைபோல் முதுகு. கரடியின் பின்புறம் லியோனா பக்கம். தோளும் தலையும் அந்தப் பக்கம். ஊசி தோள் சதையில்தான் இறங்கவேண்டும். பின்புறம் முழுக்கக் கொழுப்பு. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பில் மருந்து போனால், சோற்றுப்பானைக்குள் போட்ட காசு மாதிரி உள்ளேயே கிடக்கும்.

தோளைத் தொட இன்னும் ஒரு முழம் ஊரவேண்டும். அந்த ஒரு முழம் போனால் தலை.

அவள் ஊரவில்லை. குத்துக்கம்பை நீட்டினாள். கிட்டத்தில் எது இருந்ததோ அதிலேயே குத்தினாள். பின்புறத்தில். உதைத்தாள். காரிக் இழுத்தான்.

"குத்தியாச்சு" என்றாள்.

எங்கே என்று மேடக்ஸ் கேட்கவில்லை. இத்தனை குளிர்காலத்தில் கேட்கவேண்டி வந்ததில்லை.

காத்திருந்தார்கள். சீமாட்டியின் தலை மெல்லத் தொங்கியது. லியோனா மறுபடி இறங்கி, வயிற்றடியில் கைவிட்டுக் குட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே குளிரில் பல் கிட்டியது. குட்டிகள் கோட்டுக்குள் போயின, ஆளுக்கு ஒன்று. இந்த வேலையில் எல்லோரும் ஆசைப்படுகிற நேரம் அதுதான். பிறந்த குழந்தையைத் தோளில் போட்டவர்களுக்குத் தெரியும் அந்தச் சூடு. கழுத்து மடிப்பில் மூக்கைத் தேய்த்து, பால் எங்கே பால் எங்கே என்று தேடும். தப்பான ஆளிடம் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் 'வீல்' என்று ஒரு அழுகை. மனுஷக் குழந்தைக்கும் அதற்கும் சுருதியில்கூட வித்தியாசம் கிடையாது.

அந்த அழுகைதான் எட்டியது போலிருக்கிறது. பொந்தின் வாய் வெடித்தது. மண்ணும் பனியும் சிதற, சீமாட்டி வெளியே வந்துவிட்டாள். தள்ளாடினாள், ஒரு கணம் லியோனாவைப் பார்த்தாள், பிறகு சரிவில் உருண்டு புரண்டு சீடர் மரச் சதுப்புக்குள் போய் மறைந்தாள்.

லியோனாவின் கோட்டுக்குள் குட்டி கதறிக்கொண்டிருந்தது.

மேடக்ஸ் ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்தார். கழுத்துப்பட்டையின் 'டிக், டிக்' கேட்டது. "நின்னுட்டா. ரொம்ப தூரம் போகலை. பாதி மயக்கத்துல பனியில படுத்திருப்பா. அவளைத் தூங்க வச்சு, சறுக்குப்பலகையில போட்டு இழுத்துட்டு வந்து பொந்துல விட்டாத்தான் உண்டு. இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள மூணும் விறைச்சுப்போகும்."

"ஊசி வேலை செய்யலையா?" என்றான் காரிக்.

"உறைஞ்சு அடைச்சிருக்கும். மருந்து கொஞ்சம்தான் உள்ள போயிருக்கும். அதான் இப்படி எழுந்து ஓடறா. இன்னொரு முழு டோஸ் போடணும்." அவர் குப்பியைத் திறந்து மருந்தை இழுக்க ஆரம்பித்தார்.

லியோனா அந்த ஊசிக்குழாயையே பார்த்தாள். மருந்து உள்ளே போயிருந்தது, முழுசாக. கொழுப்பில் கிடக்கிறது. ஓடிய ஓட்டத்தில் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கத் தொடங்கியிருக்கும். இதற்கு மேல் முழு டோஸ் போட்டால் சீமாட்டியின் மூச்சு நின்றுவிடும். தாய் போனால் குட்டிகளும் போயின. வாயைத் திறந்தாலோ பல் அறை. ஜன்னல் இல்லாத சுவர். சாத்திய கதவு.

மருந்து குழாயில் ஏறிக்கொண்டே இருந்தது.

"பாஸ், நிறுத்துங்க."

"என்ன?"

"மருந்து போயிருக்கு. தோள்ல இல்ல. பின்னால, கொழுப்புல குத்திட்டேன்."

"தவறிடுச்சா?"

"தவறலை. தலைகிட்டப் போக முடியலை. பயந்துட்டேன்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "போன வருஷத்துலேர்ந்தே பயம்தான். முட்டியெல்லாம் ஒண்ணும் இல்லை."

மேடக்ஸ் அவளைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "முழுசும் இறங்குச்சா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு."

"முழுசும்."

மேடக்ஸ் குழாயை உயர்த்திப் பிடித்து, மருந்தைத் திரும்பவும் குப்பிக்குள் தள்ளினார். அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைத்தார்.

டிக் டிக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தாழ்ந்த சீடர் கிளைகளின் அடியில், பனி கூரை போட்டது போல் இருந்த இடுக்கில் சீமாட்டி புகுந்து கிடந்தாள். இந்த முறை தலை வெளிப்பக்கம்.

"நான் போறேன்" என்று காரிக் குனிந்தான். தோள் இரண்டு கிளைக்கு நடுவே சிக்கி, கூரைப்பனி அவன் முதுகில் பொத்தென்று விழுந்தது.

"தள்ளுடா மூஸ்" என்றாள் லியோனா. தன் கோட்டிலிருந்த குட்டியை எடுத்து மேடக்ஸிடம் கொடுத்தாள். ஏற்கனவே ஒன்று இருந்த கோட்டில் இன்னொன்றும் சேர, புரொபசர் இரட்டைப் பிள்ளைத்தாச்சி மாதிரி நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

"கெட்டியாப் பிடி" என்று காரிக்கிடம் சொன்னாள். "பூட்ஸைப் பிடிக்காதே. காலைப் பிடி."

ஊர்ந்தாள். சீமாட்டியின் கண் பாதி திறந்திருந்தது. அந்த மூச்சு அவள் முகத்தில் பட்டது, வீட்டு இருட்டில் வருகிற அதே மூச்சு. உதைத்துவிடலாம் என்று கால் தானாகத் துடித்தது. பின்னால் மேடக்ஸின் கோட்டுக்குள் குட்டி அழுகிற சத்தம். சீமாட்டியின் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"எனக்கும் உன்னைக் கண்டாப் பயம்தான்டி" என்று முணுமுணுத்தாள் லியோனா. கம்பை நீட்டி அழுத்தினாள்.

"தோள்!" என்று கத்தினாள். "தோள்ல போச்சு! தோள்!"

காரிக் அவளை இழுத்த இழுப்பில் வாயெல்லாம் பனி.

சறுக்குப்பலகையில் போட்டு மேட்டில் இழுத்தபோது மூன்று பேருக்கும் நுரை தள்ளியது. பாதி வழியில் மேடக்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். சீமாட்டியின் மூக்கருகே கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மூச்சு வரவில்லை. லியோனா முழங்காலில் விழுந்து அந்த மார்பில் கையை வைத்தாள். வா, வா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். எவ்வளவு நேரம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கையின் அடியில் மலை மெதுவாக எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பொந்துக்குள் சீமாட்டியைச் சுருட்டிப் படுக்கவைத்துப் புதுக் கழுத்துப்பட்டை மாட்டியதும் லியோனாதான். குட்டிகளை ஒவ்வொன்றாக வயிற்றடியில் விட்டதும் அவள்தான். அழுகை நின்று, சப்பிக் குடிக்கிற சத்தம் வந்தது. அப்புறம் தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம். பால் கிடைத்த குட்டி அப்படித்தான் பாடும். பொந்தின் வாயை ஃபிர் மரத் தழையால் மூடிவிட்டு, வந்த தடத்திலேயே சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

வண்டியில் ஏறி ஊர்ப் பக்கம் திரும்பினார்கள்.

"பல் அறைக்கா, பாஸ்?" என்றாள் லியோனா.

"அங்க ஆள் இருக்கு. ஏன், உனக்குப் போகணுமா?"

"வேண்டாம்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறே?" மேடக்ஸ் கோட்டுப் பையில் துழாவி ஒரு டப்பாவை எடுத்து முன்சீட்டுக்கு எறிந்தார். "உன் முட்டிக்குன்னு தைலம் வாங்கி வச்சிருந்தேன். மூணு வாரமா பையில வச்சுக்கிட்டு அலையறேன். இதை இப்ப என்ன பண்றது?"

"எனக்குக் குடுங்க. முதுகுல பனி விழுந்துச்சு" என்றான் காரிக்.

அன்றிலிருந்து குத்துகிறவர் எங்கே குத்தினோம் என்று உரக்கச் சொல்லவேண்டும் என்பது அந்த லேபின் வழக்கமாகிவிட்டது. லியோனாவின் பயம் போகவில்லை. குளிக்கிற அறைக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது; ரேஜான் வெளியே நின்று விசிலடிக்கிறான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. புதுப் பொந்து, முன்பின் தெரியாத கரடி. காரிக் ஜன்னலை இறக்கி, "முட்டி எப்படி இருக்கு லியோனா?" என்று கேட்டான்.

"முட்டி ஜோராத்தான் இருக்கு. பயமாத்தான் இருக்கு. கதவைத் திறடா, போகலாம்."